என் பங்குக்கு ஒரு ஜுஸ்வு

எங்கள் வீடுகளில் ஒருவர் இறந்து வருஷம் திரும்பினால் பெண்கள் கூடி ஓதுவார்கள். அரபியில் இருக்கும் எங்கள் வேதத்துக்கு முப்பது பாகம். ஒரு பாகத்துக்கு ஜுஸ்வு என்று பெயர். முப்பதும் தனித்தனி மெல்லிய புத்தகங்களாக ஒரு மரப்பெட்டியில் இருக்கும். பெட்டி கூடத்தைச் சுற்றி வரும், வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் தணிந்த குரலில் ஓத ஆரம்பிப்பார்கள். ஒரு காலைப் பொழுதுக்குள் முழு வேதமும் ஓதி முடிந்துவிடும். அந்த நன்மை இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை.

அந்தப் பெட்டி என் முன்னால் வந்து ஒரு நொடி தயங்கும். பிறகு பக்கத்து ஆளிடம் போய்விடும். எனக்குக் கண் தெரியாது. இறைவன் பேரைச் சொல்லி எண்ணும் தஸ்பீஹ் மணிமாலை ஒன்றைக் கையில் திணித்து, "நீ கேட்டுக்கிட்டு இரும்மா, கேக்குறதும் நன்மதேன்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். அன்பாகச் சொன்னால் எரிச்சல் வராது என்று யார் சொன்னது? அம்மா இருந்தவரை என் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓதுவாள். தன் ஜுஸ்வை முடித்ததும் என் காதுக்குள், "இதுல பாதி உனக்கு" என்பாள். அம்மா போன பிறகு நான் ஒரு முடிவு செய்தேன். அவளுடைய வருஷ ஓதலில் ஒரு ஜுஸ்வை நானே முழுதாக ஓதுவேன். பாதி கீதி என்ற பேச்செல்லாம் கிடையாது.

கண் தெரியாது என்றதும் பலருக்கும் கன்னங்கரிய இருட்டுதான் நினைவுக்கு வருகிறது. எனக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும். குறுக்கே ஆள் நடந்தால் வெளிச்சம் மங்குவது தெரியும். முகம் தெரியாது, எழுத்து தெரியாது. விடுதிப் பள்ளியில் என்னோடு படித்த ஒருத்திக்கு நேர் எதிரே இருப்பது மட்டும் குழாய்க்குள் பார்ப்பதுபோலத் தெரியும். இன்னொருத்திக்குப் பகலில் கண் கூசி ஒன்றும் தெரியாது, பொழுது சாய்ந்தால் தேவலை என்பாள். ஒவ்வொருத்தர் குறையும் ஒவ்வொரு மாதிரி. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உதவிக்கு வருகிறவர்களிடம் இதையெல்லாம் விளக்க ஆரம்பித்தால் பாதியிலேயே, "காது நல்லாக் கேக்குமாக்கா?" என்று உரக்கக் கேட்பார்கள். நல்லாவே கேட்கும், அதனால் கத்த வேண்டாம் என்பேன்.

எனக்கு எழுத்து விரலில் இருக்கிறது. பிரெய்லில் ஒரு எழுத்துக்கு ஒரு சின்னக் கட்டம். இடது பக்கம் மேலிருந்து கீழாக மூன்று புள்ளிக்கு இடம், வலது பக்கம் மூன்று புள்ளிக்கு இடம். எங்கே மேடு, எங்கே வெறுமை என்பதுதான் எழுத்து. இடது பக்கம் மூன்றும் மேடாக இருந்தால் 'ல'. அதில் நடுப்புள்ளியை எடுத்துவிட்டு வலது பக்கத்து மேல் புள்ளியைச் சேர்த்தால் 'ம'. முழுக் கட்டமும் விரல் நுனிக்குள் அடங்கிவிடும். கண் தெரிந்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டு எல்லாம் ஒரே சொரசொரப்பாக இருக்கிறது என்பார்கள். இன்னும் அழுத்துவார்கள். அழுத்தினால் ஒன்றும் கிடைக்காது. விரலை ஒரே இடத்தில் வைத்திருந்தாலும் கிடைக்காது. விரல் பட்டும் படாமல் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். வலது ஆள்காட்டி விரல் வரியின் கடைசியில் இருக்கும்போதே இடது விரல் அடுத்த வரியின் தொடக்கத்தைப் போய்ப் பிடித்திருக்கும். தோசைக்கல்லில் கை பட்டால் ஊரில் எல்லாருக்கும் விரல் எரியும், அவ்வளவுதான். எனக்கு இரண்டு நாள் வாசிப்பே போய்விடும். அதனால் எங்கள் வீட்டில் தோசை சுடுவது என் கணவர். இது ஒரு நல்ல ஏற்பாடு என்பதை மற்ற பெண்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

நான் திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. பாடப்புத்தகத்தை மேஜைமேல் விரித்து, விரலால் படித்துக்கொண்டே பிள்ளைகள் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருப்பேன். குனிய வேண்டியதே இல்லை. "டீச்சர் பாக்காம படிக்கிறாங்கடா" என்று புதிதாக வரும் ஆறாம் வகுப்பு வருஷா வருஷம் ஆச்சரியப்படும். எனக்கு அது வருஷா வருஷம் இனிக்கும். பெருமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

போனே எல்லாவற்றையும் படித்துச் சொல்கிறதே, இன்னும் எதற்கு இந்தப் புள்ளி என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளி வேலைக்கு நானும் போனைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் போன் படித்தால் படிப்பது போன், கேட்பது நான். என் விரலும் என் வாயும் சேர்ந்து ஒரு வரியைத் தாண்டும்போதுதான் நான் படித்தேன் என்று சொல்ல மனசு வருகிறது. அம்மாவுக்கு ஓதுவதற்கு இன்னொருத்தர் குரலை எப்படி அனுப்புவது?

அரபி எனக்குக் காதால் மட்டும்தான் பழக்கம். கடைசிப் பாகத்தில் உள்ள சின்ன அத்தியாயங்கள் மனப்பாடம், அதற்கு மேல் எழுத்தாக ஒன்றும் தெரியாது. வெளியூரில் என் வயதுடைய, கண் தெரியாத ஒரு பெண் போனிலேயே அரபி பிரெய்ல் வகுப்பு எடுப்பதாகக் கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். வேதம் பிரெய்லில் பல பெரிய தொகுதிகளாக வருகிறது. பதினைந்தாவது ஜுஸ்வு இருக்கும் தொகுதியை வரவழைத்தேன். பெற்றவர்களுக்காக இறைவனிடம் கேட்கச் சொல்லும் இடம் அதில்தான் வருகிறது. கோச்சடையில் எங்கள் வீட்டு வாசலில் அதை இறக்கி வைத்த தபால்காரர், "என்னம்மா, டிவியா?" என்றார்.

முதல் வகுப்பிலேயே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரபியை ஊரே வலமிருந்து இடமாகத்தான் ஓதுகிறது. பிரெய்லில் அரபியும் தமிழைப் போலவே இடமிருந்து வலமாக ஓடுகிறது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஓதப்போகிற முதல் ஆள் நான்தான். அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்று காத்திருந்தது. தமிழில் 'ம' எந்தப் புள்ளிகளோ, ஆங்கிலத்தில் அதுவே, அரபியிலும் அதுவே. 'ல', 'ர', 'ந' எல்லாம் அப்படித்தான். புது ஊருக்குக் குடிபோய்க் கதவைத் திறந்தால் பழைய பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. மற்ற எழுத்துகள்தான் பாடாய்ப் படுத்தின. பள்ளி விட்டு வந்து தினமும் உட்கார்ந்தேன். தப்பும் தவறுமாகத் தொடங்கி, வருஷம் திரும்புவதற்குள் அந்த ஜுஸ்வை முழுதாகப் பலமுறை ஓதிப் பார்த்துவிட்டேன்.

ஓதல் தெற்கு வாசல் பக்கம் பெரியம்மா வீட்டில் என்று ஏற்பாடு. பெரியம்மா அம்மாவின் அக்கா. குடும்பத்தில் எந்த ஓதல் நடந்தாலும் பெட்டி அவளிடமிருந்துதான் கிளம்பும். தொகுதியை எடுத்துக்கொண்டு கணவரோடு அவள் வீட்டுக்குப் போய், ஒரு ஜுஸ்வு எனக்கு வேண்டும் என்று சொன்னேன்.

"எப்புடிம்மா ஓதுவ?"

"விரலால, பெரியம்மா. இடப்பக்கமிருந்து வலப்பக்கமாப் போகும்."

"அது தலகீழால்ல இருக்கு? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா உங்கம்மாவுக்குல்ல பாவம் சேரும்?"

கோபம் வந்தது. ஆனால் அவள் கவலை பொய்யில்லை. ஓதலை நடத்திக்கொடுக்கும் ஆலிமாவைக் கூப்பிட்டாள். ஆலிமா என்றால் மார்க்கக் கல்வி படித்த பெண். இவள் என்னைவிடச் சின்னவள், அந்தத் தெருப் பெண்களுக்கெல்லாம் ஓதிக்கொடுப்பவள். என் எதிரில் உட்கார்ந்து, கையில் அச்சுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் ஓதச் சொன்னாள். ஓதினேன். முடிந்ததும், "எழுத்து எந்தப் பக்கமிருந்து வந்தா என்ன பெரியம்மா, வாயில சரியாத்தானே வருது. அக்காவுக்கே பதினஞ்ச எழுதிக்கங்க" என்றாள். பெரியம்மா அந்தத் தொகுதியை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, இறைவன் பேரால் என்று பிஸ்மி சொல்லி நெஞ்சோடு வைத்துக்கொண்டதாக என் கணவர் வெளியே வந்ததும் சொன்னார்.

அப்போது எங்கள் வீட்டில் வெள்ளையடிப்பு நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புத் தண்ணீர் சிந்தாத இடமே இல்லை. அதனால் தொகுதியை ஓதல் நாள் வரை பெரியம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது, பத்திரமாகத்தான் இருந்தது.

ஓதல் அன்று காலை கூடம் நிறையப் பெண்கள். சமையல்கட்டிலிருந்து நெய்ச்சோற்று வாசம். ஓதுவதற்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வந்து விரல்களை நன்றாகத் துடைத்து, காற்றில் ஆறவிட்டேன். ஈர விரல் காகிதத்தில் வழுக்காது, ஒட்டும். பெட்டி சுற்றி வந்தது. பக்கத்தில் இருந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, விவரம் தெரியாமல், கடைசி ஜுஸ்வை எடுத்து என் மடியில் வைத்து, "இது உனக்குப் பாடமா வருமே, இத வச்சுக்க" என்றாள். அது சின்னப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது. உடனே திருப்பிக் கொடுத்தேன். "எனக்குப் பதினஞ்சு" என்றேன். கூடத்தில் நாலைந்து பேர் பேச்சை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

பெரியம்மா என் தொகுதியைக் கொண்டுவந்தாள். பட்டுத்துணியில் இறுகச் சுற்றியிருந்தாள். துணியைப் பிரித்ததும் பன்னீர் வாசம் குப்பென்று வந்தது. பக்கத்தைத் திறந்து விரலை ஓட்டினேன். முதல் வரிகள் இருந்தன. பக்கத்தின் நடுவில் விரல் வழவழவென்று போயிற்று. அடுத்த தாள், அதற்கடுத்த தாள். சில இடங்களில் புள்ளி இருந்த தடம் மட்டும் இருந்தது. சில இடங்களில் அதுவும் இல்லை.

"பெரியம்மா, இத எங்க வச்சிருந்தீங்க?"

"அலமாரியில ஒசரத்துலதேன். பன்னீர் தெளிச்சு, துணி சுத்தி, மத்த வேதமெல்லாம் அதுமேல அடுக்கிருந்தேன். இதுதேன பெருசு, அடியில இதுதேன் தாங்கும். ஏம்மா?"

ஈரம், அதன்மேல் அத்தனை பாரம். பிரெய்ல் புத்தகத்தை நாங்கள் செங்குத்தாக நிறுத்தி வைப்போம். அதன்மேல் எதையும் வைக்க மாட்டோம். கண்ணுக்குத் தெரியும் எழுத்து மையில் இருக்கிறது, என்ன அடுக்கினாலும் நசுங்காது. என் எழுத்து காகிதத்தின் மேட்டில் இருக்கிறது. மரியாதை செய்து செய்தே அதைத் தரைமட்டமாக்கிவிட்டாள்.

நான் சொன்னதும் பெரியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "யா அல்லாஹ், எந்தங்கச்சிக்கு ஓதுறதயா நான் அமுக்கிப்புட்டேன்?" என்றாள். அழப்போகிற குரல். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தெரிஞ்சதை மனசுக்குள்ள ஓதிக்கம்மா, அல்லாஹ் ஏத்துக்குவான். போனில் ஓடவிட்டுக் கேட்டுக்க. பதினஞ்சை வேற ஆள் ஓதட்டும், நேரமாகுதுல்ல. கடைசியாகப் பேசிய குரலுக்கு மதியம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரத்தில் காது சூடாகிவிட்டது. ஒரு வருஷம் இதற்காக உட்கார்ந்திருக்கிறேன். வந்து அதை ஒரு பூவைப் போல என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். "நாந்தேன் ஓதுவேன். நேரமாகும். பொறுக்க முடியாதவங்க சாப்புட்டுப் போங்க" என்றேன். என் வாயிலிருந்தே அப்படி வந்தது எனக்கே கேட்டது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

முகத்துக்குப் பூசும் பவுடரைக் கொண்டுவரச் சொன்னேன். என்னத்துக்கு என்று கேட்டுக்கொண்டே கொண்டுவந்தார்கள். மதுரை வெயிலில் விரல் வேர்த்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் பவுடர் தொட்டால் காய்ந்த விரல் காகிதத்தில் வழுக்கிப் போகும். மற்றவர்கள் எல்லாரும் ஓதத் தொடங்கினார்கள். நானும் தொடங்கினேன். நல்ல வரிகளில் வேகமாகப் போனேன். நசுங்கிய இடம் வந்ததும் மனசு அழுத்து அழுத்து என்றது. அழுத்தக் கூடாது. விரலின் பாரத்தைக்கூடக் காகிதத்தில் வைக்காமல், மேலே ஒரு மயிரிழை இடைவெளி இருப்பது மாதிரி எண்ணிக்கொண்டு நகர்ந்தேன். தட்டையாகத் தோன்றிய இடத்தில் ஓரத்து விளிம்பு தட்டுப்பட்டது. இங்கே ஒன்று. அதற்குக் கீழே ஒன்று. வலது மேலே ஒன்று, இருக்கிறதா? திரும்பப் போனேன். இருந்தது.

சில இடங்களில் வலது விரல் கைவிட்டது. காய் நறுக்கி, பாத்திரம் தேய்த்துக் காய்த்த விரல் அது. இடது விரலுக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை, அதை முன்னால் அனுப்பினேன். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது. அப்படியும் ஒன்றுமே கிடைக்காத வரிகள் இருந்தன. தப்பாக ஓதவும் மனசில்லை, தாண்டிப் போகவும் மனசில்லை.

அப்போது பெரியம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய ஜுஸ்வை முடித்துவிட்டிருந்தாள். "பதினஞ்சோட அச்சுப் புத்தகம் எங்கைல இருக்கு. ஓதிக் காட்டவா?" என்றாள்.

"ஓதிக் காட்டுனா அது நீங்க ஓதுனது பெரியம்மா."

புத்தகத்தைத் தன் மடியில் விரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, நான் வாயத் தெறக்கல. நீ ஓது. தப்புன்னா மட்டும் 'ம்ஹூம்'னு சொல்றேன், திரும்பத் தேடிக்க" என்றாள். இதைவிட நல்ல ஏற்பாட்டை என்னால்கூட யோசித்திருக்க முடியாது. எத்தனையோ முறை ஓதிப் பழகிய ஜுஸ்வு அது. மனசில் வருவதையும் விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பையும் சேர்த்துப் பார்த்துத்தான் வாயைத் திறப்பேன். அவள் விரல் அச்சு வரியின் வலது கோடியிலிருந்து நகர்ந்து வருவது துணி உரசும் சத்தத்தில் எனக்குத் தெரிந்தது. என் விரல் இடது கோடியிலிருந்து கிளம்பியது. ஒரே வசனத்தில் அவள் அந்தப் பக்கமிருந்து வந்தாள், நான் இந்தப் பக்கமிருந்து போனேன். ம்ஹூம் என்று சில இடங்களில் சொன்னாள். நான் திரும்பிப் போய்த் தேடினேன், கிடைக்கும்வரை தேடினேன். பெற்றவர்களுக்காகக் கேட்கும் அந்த இடத்தில்தான் பாதி நசுங்கியிருந்தது. அங்கே அவள் ம்ஹூம் சொல்லவே இல்லை.

சுற்றிலும் ஒவ்வொரு குரலாக ஓய்ந்தது. முடித்தவர்கள் புத்தகத்தை மூடிப் பெட்டியில் வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கூடத்தில் என் குரல் மட்டும் இருந்தது. இத்தனை பேர் காது கொடுக்க நான் ஓதுவது அதுதான் முதல் தடவை. வகுப்பில் பேசிப் பழகிய குரல் என்னுடையது, கடைசிச் சுவர் வரைக்கும் போகும். தணித்துக்கொள்ள நினைத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மதியத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரமாயிற்று. சமையல்கட்டில் யாரோ, "தால்ச்சா ஆறிப்போகுது" என்றதற்கு, பஸ் பிடிக்க வேண்டியவள்தான், "ஆறட்டும், பேசாம இரு" என்று அதட்டினாள்.

கடைசி வரி நன்றாகவே இருந்தது. விரல் அதன் கடைசிப் புள்ளியைத் தாண்டி வெற்றுக் காகிதத்துக்குப் போனபோது நான் கையை எடுக்கவில்லை. முடிந்துவிட்டதா என்று எனக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. விரல் நுனி மரத்துப்போய், பவுடரும் வேர்வையுமாக இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வந்தது வேறொன்று. என் அம்மாவுக்கு நான் செய்துவிட்டேன் என்ற திமிர் என்றே சொல்லலாம்.

"பதினஞ்சு ஆச்சாக்கா?" என்று ஆலிமா கேட்டாள்.

"ஆச்சு."

"அப்ப முப்பதும் ஆச்சு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு துஆ கேட்கத் தொடங்கினாள். எல்லாரும் கையேந்தினோம். அம்மாவின் மண்ணறைக்காகக் கேட்டாள், வீட்டாருக்காகக் கேட்டாள், ஊருக்கு மழை கேட்டாள். அந்த துஆவில் எப்போதும் ஓரிடம் வரும். ஓதியவர்களுக்கு அருள்வாயாக என்று சொல்லி நிறுத்துவார்கள், கூடம் ஆமீன் சொல்லும். கேட்டவர்களுக்கு அருள்வாயாக என்று அடுத்தது வரும், மறுபடி ஆமீன். சின்ன வயதிலிருந்து நான் முதல் ஆமீனுக்கு வாயைத் திறந்ததில்லை. அது மற்றவர்களுடையது. இரண்டாவதுக்குத்தான் சொல்வேன்.

"யா அல்லாஹ், ஓதியவர்களுக்கு அருள்வாயாக" என்றாள் ஆலிமா.

ஆமீன் என்றேன். கடைசிச் சுவர் வரைக்கும் கேட்டிருக்கும்.